வௌவால் வேலை

தொப்பலாங்குளத்துக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகலாம். சொன்னதை ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் செய்து முடிப்பார்கள். அந்த ஊருக்கு வந்த தொல்லைகள் எல்லாம் அதனால் வந்தவைதான்.

ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு இலுப்பைக் காடு. காடு என்று பெயர்தான், மிஞ்சியவை பதினோரு மரங்கள். எல்லாம் பூட்டன் காலத்தவை. கன்று என்று ஒன்றுகூடக் கிடையாது. பங்குனிக் காற்றில் பன்னிரண்டாவது மரம் சாய்ந்தபோது காட்டுக் கமிட்டித் தலைவர் மாசாணம் அதன்மேல் விழுந்து, சொந்த அண்ணன் போனதுபோல அழுதார். மரங்கள் என்றால் அவருக்கு உயிர். நல்ல மனசை வாரிக் கொடுத்த ஆண்டவன், மூளை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கையைச் சுருக்கிக்கொண்டான்.

ஆனி மாதம் வனவர் தமயந்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பழமெல்லாம் தாய் மரத்தடியிலேயே விழுந்து வீணாப் போகுது. கொட்டையைத் தூரமாக் கொண்டுபோய்ப் போடுறது வௌவால். அதை நீங்க தீபாவளிக்கு வெடி வெடிச்சு விரட்டிட்டீங்க. இனிமே வௌவால் பார்த்த வேலையை நீங்கதான் பார்க்கணும். கார்த்திகையில வருவேன், ஐம்பது கன்றாவது நிக்கணும். இல்லைன்னா இது காடே இல்லைன்னு முடிவு பண்ணி கல்குவாரிக்குக் கொடுத்துடுவாங்க."

"வௌவால் வேலை எங்க பொறுப்பும்மா" என்று மாசாணம் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

ஸ்கூட்டர் மறைந்ததும் கமிட்டி கூடியது.

"வௌவால் மொதல்ல என்ன செய்யும்?" என்று கேட்டார் மாசாணம்.

"தலைகீழாத் தொங்கும்" என்றார் ஆடு மேய்க்கும் கொம்பையா. மிருக சமாச்சாரத்தில் ஊருக்கே அவர் சொல்வதுதான் முடிவு.

டீக்கடை பிச்சைக்கனிக்கு ஒரு சந்தேகம். "தொங்காம, கொட்டையைக் கையால எடுத்து அங்கங்க ஊனுனா ஆவாதா?"

"அது மனுசன் பாக்குற வேலைல்லா? அந்தம்மா வௌவால் வேலையைத்தான பாக்கச் சொல்லிருக்காவ!" என்றார் கொம்பையா.

பிச்சைக்கனி வெட்கித் தலைகுனிந்தார். பிறகு, "ஆனா வௌவாலுக்கு ராத்திரி டூட்டில்லா? ராத்திரி அங்கன பாம்பு கெடக்குமே" என்றார்.

கூட்டம் கன்னத்தில் கைவைத்து யோசித்தது. கடைசியில் மாசாணம் தொண்டையைச் செருமினார். "பகல்லயே போவோம். அவனவன் துண்டால கண்ணைக் கட்டிக்கிடட்டும். அவனவனுக்கு ராத்திரி ஆயிரும்."

இப்படி ஒரு தலைவர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை இருபது பேர் கிளைகளில் காலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினார்கள். மாசாணத்துக்குத் துண்டு தேவைப்படவில்லை. தொங்கிய வேகத்தில் வேட்டி சரிந்து முகத்தை மூடிவிட்டது. பழத்தைப் பறித்துத் தின்றார்கள், கொட்டையைத் துப்பினார்கள். எது மேல், எது கீழ் என்று பிடிபடாமல் பாதிப் பேர் தங்கள் மூக்கிலேயே துப்பிக்கொண்டார்கள். கொம்பையா கயிறு அவிழ்ந்து பொத்தென்று விழுந்தார்.

"வௌவால் விழுமாய்யா?" என்று மேலேயிருந்து ஒரு குரல் அதட்டியது.

"வயசான வௌவால் விழும்" என்றார் கொம்பையா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

மறுபடி ஏறித் தொங்கிய கொம்பையாவுக்கு மத்தியானம் அவர் மனைவி உச்சிமாகாளி கஞ்சி கொண்டுவந்தாள். தொங்குகிறவர் வாயில் கஞ்சி ஊற்றினால் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தும்மித் தீர்த்த புருஷனைப் பார்த்து, "நான் ஒரு வௌவாலையே கெட்டிருக்கலாம். அது பகல்லயாவது வீட்டுல கெடந்திருக்கும்" என்றாள்.

அடுத்தது பறக்கும் வேலை. வாயில் கொட்டையும் கண்ணில் துண்டுமாக, இரண்டு கையையும் அடித்துக்கொண்டு நாலா திசையிலும் ஓடினார்கள். ஒருவர் குளத்தில் விழுந்தார், ஒருவர் முள்வேலியில். பிச்சைக்கனி பக்கத்து ஊர்க் கல்யாணப் பந்தியில் போய் முட்டி, உட்காரவைத்ததும் மரியாதைக்கு இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். மாசாணம் தினமும் காடு முழுக்கத் தடுக்கித் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்திலெல்லாம் வாயிலிருந்த கொட்டை தெறித்தது. பின்னால் பறந்து வந்தவர்கள் அதை மண்ணுக்குள் மிதித்துவிட்டுப் போனார்கள். கொம்பையா மரத்திலேயே குடியிருந்ததால் ஆடுகள் பட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

மழை வந்தது. ஒரு கொட்டையாவது முளைக்குமா என்ற கவலையில் மாசாணத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் காட்டுக்குப் போனவர் அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். கால் வைக்கும் இடமெல்லாம் செம்புநிறத் துளிர். வாய்விட்டுச் சிரித்தார், கண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது.

கார்த்திகையில் வந்த தமயந்தி கன்றுகளை இரண்டு தரம் எண்ணினார். இருநூற்றுப் பதினைந்து! "எப்படிங்க செஞ்சீங்க?"

"நீங்க சொன்னபடிதாம்மா."

காடு பிழைத்தது என்று தமயந்தி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது ஞாபகமாக ஒன்று சொன்னார்: "இனிமே ஆடு கடிக்காம பார்த்துக்கணும். ஒரு கன்றுக்கு ஒரு ஆள்னு பொறுப்பு எடுத்துக்கோங்க. மரமாகுற வரைக்கும் ஒரு கன்றைக்கூடத் தனியா விடக் கூடாது."

அவர் சொல்லி முடிக்குமுன் ஊர் கிளம்பிவிட்டது. கன்றுக்கு ஒருவராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். தொட்டிலோடு வந்த குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு கன்று கிடைத்தது. ஆனால் தொப்பலாங்குளத்தில் மொத்தமே இருநூற்றுப் பதினான்கு பேர்.

மாசாணம் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஸ்கூட்டர் சாவியைப் பணிவோடு எடுத்து மடியில் முடிந்துகொண்டார். பாறையோரம் தனியாக நின்ற கன்றின் முன்னால் தமயந்தியை உட்காரவைத்துவிட்டுத் தன் கன்றுக்குத் திரும்பினார்.

"யோவ், இலுப்பை மரமாக இருபது வருஷம் ஆகும்யா!" என்று அலறினார் தமயந்தி.

"தெரியும்மா" என்றார் மாசாணம், தன் கன்றைவிட்டுப் பார்வையை எடுக்காமல். "அதனாலதான் ஒங்களுக்கு மட்டும் நெழலுள்ள எடமாப் பாத்துக் குடுத்திருக்கோம்."