சேவல் அடைவதற்குள் சோறு

முன்னொரு காலத்தில், பானைகளுக்கு வாய் மட்டுமல்லாமல் பேச்சும் இருந்த காலத்தில், பருத்திநாடு என்றொரு ராஜ்யம் இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்குப் பஞ்சு மெத்தை என்றால் உயிர். ஒரு மெத்தையில் படுத்தவுடனே இன்னொரு மெத்தை நினைப்பு வந்துவிடும். அதனால் அரண்மனைப் பஞ்சுக்கிடங்கில் வேலை ஓயவே ஓயாது. பொழுது பனைமர உயரத்துக்கு இறங்கிய பிறகுதான் மணி அடித்து ஆட்களை வீட்டுக்கு விடுவார்கள். ராஜாவைக் குறை சொல்லி என்ன செய்வது? மெத்தையில் கிடக்கிறவருக்குப் பொழுது சாய்வது எப்படித் தெரியும்?

அந்தக் கிடங்கில் பருத்திக்கொட்டை பிரிக்கிறவள் பாவாத்தாள். அவள் புருஷன் செங்கோடன் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். மகள் சின்னி, முன்பல் விழுந்து முளைக்காத வயசு. மாமனார் காளியண்ணன், நாக்கு நீளம், கோபம் குட்டை. வட்டிலில் குழம்பு, ரசம், பொரியல் மூன்றும் இல்லாவிட்டால் "இது என்ன சோறா, சாமியார் மடமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டும் விடுவார்.

செங்கோடன் எந்தச் சந்தைக்குப் போனாலும் அந்திச் சோற்றுக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவான். அந்த நல்ல பழக்கம்தான் அவனுக்கு வினையாக முடிந்தது. ஒரு நாள் சந்தை முடிந்து திரும்பும்போது ஒரு மந்திரவாதி வண்டியை மறித்து, மலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விடச் சொன்னான். நாளைக்குக் கூட்டிப்போகிறேன், இப்போது வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும் என்று செங்கோடன் பணிவாகத்தான் சொன்னான். மந்திரவாதிக்கு எந்த வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தச் சொல் அவனைச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"அந்தியானா வீட்டுல அடையோணுமா உனக்கு? அப்படின்னா சேவலாவே அடை" என்று ஒரு பிடி சாம்பலை அள்ளி வீசினான். செங்கோடன் சிவப்புக் கொண்டைச் சேவலாகிவிட்டான்.

மந்திரவாதி அந்தச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாவாத்தாளின் வாசலுக்கே வந்தான். சாபம் போட்டவன் விமோசனமும் சொல்லித்தான் ஆக வேண்டும், அது அவர்கள் தொழில் தர்மம். இந்த வீட்டில் இருக்கும் அத்தனை பேரும், அந்தி வேளையில், ஓர் அடுப்பில் வெந்த சோற்றை, அது ஆறுவதற்கு முன்னால், சேவல் அடைவதற்கு முன்னால், ஒன்றாகச் சாப்பிட்டால் செங்கோடன் மனுஷனாவான் என்றான். கார்த்திகைத் தீபம் வரைக்கும்தான் கெடு. அன்று நிலா எழும்பும்போது தானே வந்து சேவலைக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இதென்ன பிரமாதம், நாளைக்கே முடித்துவிடலாம் என்றுதான் உங்களைப் போல பாவாத்தாளும் நினைத்தாள். ஆனால் கோழி இனத்துக்குப் பொழுது மங்கினால் கண் தெரியாது, தலை தானாகக் கவிழ்ந்துவிடும். பாவாத்தாள் கிடங்கிலிருந்து வீடு வந்து சேரும்போது பொழுது வேலி உயரத்தில் நிற்கும். வேலி உயரத்திலிருந்து தரைக்கு வரப் பொழுதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் சமைத்தாக வேண்டும்.

அன்றிலிருந்து அந்த அடுப்பில் கறியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. வீட்டு ஆளே சேவலாக வளைய வரும்போது எவர் கை கத்தியை எடுக்கும்? கறிக்குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடியாது என்றிருந்த காளியண்ணன் கூட வாயைத் திறக்கவில்லை.

பெரிய சாபத்துக்குப் பெரிய விருந்துதான் பரிகாரம் என்று காளியண்ணன் அடித்துச் சொன்னார். பாவாத்தாளுக்கும் அது சரியென்றே பட்டது. முதல் முயற்சியில் வாழை இலை அறுத்துவந்து, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், பாயசம் என்று ஆளாய்ப் பறந்தாள். மூன்று கல் அடுப்பில் ஒன்றை இறக்கினால்தானே இன்னொன்றை ஏற்ற முடியும்? பாயசத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பொழுது நின்றதா? நிற்கவில்லை. சேவல் விழித்ததா? விழிக்கவில்லை. பஞ்சாரக் கூடைக்குள் இறகைக் கோதிக்கொண்டு தூங்கிவிட்டது. சின்னியும் பசியோடு அதன் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தாள்.

இரண்டாவது முயற்சியில் பாவாத்தாள் கோழி கூவும் முன் எழுந்தாள். அதாவது, அவள் புருஷன் கூவும் முன். கத்திரிக்காய்க் குழம்பும் அவரைப் பொரியலும் சோறும் ஆக்கி, துணி சுற்றி, வைக்கோலுக்குள் புதைத்து வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனாள். அந்தியில் ஓடிவந்து திறந்து, தொட்டுப் பார்த்தாள். பொழுது நின்றதா? நிற்கவில்லை. சேவல் விழித்துத்தான் இருந்தது, ஆனால் சோறு ஆறிப் போயிருந்தது. ஆறிய சோற்றுக்கு மந்திரம் எப்படி இளகும்?

இப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்தது. கெடு நெருங்குவதைவிடப் பெரிதாக ஒன்று பாவாத்தாளை அரித்தது. ஆரம்பத்தில் "ஏனுங்க" என்று கூப்பிட்டால் சேவல் திரும்பிப் பார்க்கும். பிறகு சின்னி "அப்பா" என்றால் மட்டும் பார்த்தது. பிறகு அதற்கும் பார்க்கவில்லை, மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது. செங்கோடன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மறந்துகொண்டு வந்தான். உடம்பை மீட்டாலும் உள்ளே ஆள் இருக்க வேண்டுமே என்று பாவாத்தாள் பயந்தாள்.

தீபத்துக்கு முந்தின நாள் அந்தியில், கிடங்கு மணி அடித்ததும் அவள் ஓட்டமும் நடையுமாக ஓடை வழியே வந்துகொண்டிருந்தாள். காலடியில் யாரோ கூப்பிடுவது கேட்டது. சேற்றில் கழுத்து வரைக்கும் புதைந்து ஒரு செப்புப் பானை, வாய் ஒரு பக்கம் நெளிந்துபோய்க் கிடந்தது.

"ஏனம்மிணி, வாயெல்லாம் சேறு. கொஞ்சம் எடுத்து உட்டுட்டுப் போயேன்."

பாவாத்தாளுக்கு அன்று ஒரு மூச்சு விடுகிற நேரம் கூட விலை உயர்ந்ததுதான். ஆனாலும் வாய் திறந்து கேட்டதை விட்டுப்போக மனசு வரவில்லை. இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டிப் பானையை எடுத்து, ஓடைத் தண்ணீரில் கரையோரத்துப் புளியங்காயை நசுக்கிப் போட்டுப் பளிச்சென்று தேய்த்துக் கழுவினாள். அன்றைய அந்தி அதிலேயே கழிந்தது. பொழுது போனதைப் பார்த்துக் கண்ணீர் விட்டாளே தவிர, பானையை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பானை அவள் இடுப்பில் உட்கார்ந்து வந்தபடியே அவள் கதையைக் கேட்டது, தன் கதையையும் சொன்னது. அது அந்த மந்திரவாதியின் பானையாம். ஒற்றை வாய்க்கே ஆக்கி ஆக்கி அதற்கு வெறுத்துப் போய்விட்டதாம். நாலு பேருக்கு ஆக்கினால்தான் பானை, இல்லாவிட்டால் நான் வெறும் செம்பு என்று எசமானிடம் சொல்லியிருக்கிறது. அவன் தூக்கி எறிந்துவிட்டான்.

"உனக்கு எதுக்கம்மிணி அத்தனை சட்டி?" என்றது பானை. "அரிசி, பருப்பு, வெங்காயம், எல்லாத்தையும் எனக்குள்ள ஒண்ணாப் போடு. பதமா வெந்து வரும், அதுக்கு நானாச்சு. ஆனா ஊறப்போடவும் உரிக்கவும் எனக்குக் கை கிடையாது. உன்ற ஊட்டுல கையே இல்லையா?"

வீட்டில் கைகள் இருந்தன. இத்தனை நாள் அவற்றை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். மறுநாள், தீபத்தன்று, வேலி நிழல் வாசலைத் தொட்டதும் சின்னி அரிசியையும் துவரம்பருப்பையும் களைந்து ஊறப்போட்டாள். காளியண்ணன் பிறந்ததிலிருந்து முதல் முறையாகச் சமையல்கட்டுக்குள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார், பூண்டு உரித்தார், அடுப்பு மூட்டினார். உரிக்க உரிக்கக் கண்ணீர் கொட்டியது. மகனுக்காக அழ வேண்டியதை அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தார், வெங்காயத்தின் பேரில் அன்று நன்றாக அழுது தீர்த்தார்.

பாவாத்தாள் வாசலுக்குள் கால் வைக்கும்போது எல்லாம் தயாராக இருந்தது. பானையில் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம் போட்டாள். நசுக்கிய மிளகும் பூண்டும் கறிவேப்பிலையும் விழுந்தன. வெங்காயம் வதங்கி, மஞ்சள் தூவி, ஊறிய அரிசியும் பருப்பும் போய், அளவாகத் தண்ணீரும் உப்பும் சேர்ந்ததும் மூடி போட்டாள். பானை ராகம் போட்டுக்கொண்டே வேகவைத்தது. மூடியைத் திறந்தபோது வீடே மணத்தது. காளியண்ணனுக்கு ரசத்தின் ஞாபகமே வரவில்லை.

பொழுது நின்றதா? நிற்கவில்லை. ஆனால் வேலிக்குக் கீழே இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. பாவாத்தாள் மூன்று வட்டில் வைத்தாள். மாமனாருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, சேவலுக்கு ஒன்று. ஆவி பறக்கச் சோற்றைப் போட்டு, நெய் விட்டு, அகப்பையோடு சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். மாமனார் சாப்பிட்டார், மகள் சாப்பிட்டாள். பாவாத்தாள் சேவலையே பார்த்தாள்.

சேவல் ஒரு பருக்கையைக் கொத்தியது. விழுங்கவில்லை. நடந்து வந்து, பாவாத்தாளின் காலடியில் அதைப் போட்டுவிட்டு, "கொக், கொக், கொக்" என்றது.

இரை கண்ட சேவல் தான் தின்னாமல் பெட்டையைத்தான் முதலில் கூப்பிடும். எல்லாச் சேவலும் அப்படித்தான். செங்கோடன் மனுஷனாக இருந்தவரைக்கும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆகவே இது முழுச் சேவல், என் ஆள் போய்விட்டார் என்று நினைத்து அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சேவல் இரண்டாவது பருக்கையைக் கொண்டுவந்து போட்டது. மூன்றாவதையும் போட்டது. தலை கவிழ்ந்து கவிழ்ந்து விழ, கண்ணைப் பலவந்தமாகத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் சேலை நுனியை அலகால் பற்றிக் கீழே இழுத்தது.

"அம்மா, அப்பா உன்னயச் சாப்புடக் கூப்புடறாரு" என்றாள் சின்னி.

காளியண்ணன் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. அவர் வட்டில்களைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் வந்தது.

"அம்மிணி, உன்ற வட்டல் எங்க?"

"நான் அப்பறமாச் சாப்புட்டுக்கறனுங்க மாமா" என்று பழக்கத்தில் அவள் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் என்றானே மந்திரவாதி! விருந்தன்றும் மூன்று இலை. வைக்கோல் பானையன்றும் மூன்று வட்டில். எல்லாரையும் எண்ணியவள் தன்னை எண்ணவே இல்லை, அந்த வீட்டில் வேறு எவரும் எண்ணவில்லை.

இன்னொரு வட்டில் எடுத்துவர நேரம் இல்லை. அவள் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, சேவலின் வட்டிலுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். சோறு இன்னும் சுட்டது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். அடுப்படியில் நின்று ஆறிய அடிச்சோற்றையே வழித்துத் தின்றவளுக்கு, தான் சமைத்த சோறு சூட்டோடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அது அவ்வளவு நன்றாக இருந்ததில் அவள் அழுதுவிட்டாள். சேவலும் அவளோடு ஒரு வாய் கொத்தி விழுங்கியது.

அடுத்த கவளத்துக்கு அவள் வட்டிலில் கை வைத்தபோது, பக்கத்தில் இன்னொரு கை இருந்தது. மூக்கணாங்கயிறு பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கை.

சின்னி எச்சில் கையோடு அப்பன் மடியில் ஏறிக்கொண்டாள். செங்கோடன் கவளத்தை உருட்டிப் பாவாத்தாள் வாயருகே நீட்டினான். எத்தனையோ நாளாக மனுஷப் பேச்சுப் பேசாத தொண்டை, குரல் கரகரத்தது.

"சாப்புடு. இனி இந்த ஊட்டுல உனக்கு அப்பறம் கிடையாது."

அந்த நேரத்தில் நிலா எழும்பியது. சொன்ன சொல் தவறாமல் மந்திரவாதி வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்து நின்றான். வாசலில் கார்த்திகை விளக்கு எரிய, நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தான். நடுவில் தன்னுடைய பானை ஜம்பமாக உட்கார்ந்திருப்பதையும் பார்த்தான். அவன் கையில் வைத்திருந்த சாம்பல் தானாகச் சிந்தியது.

செங்கோடன் என்ன செய்தான் தெரியுமா? அடிக்கவில்லை, வையவில்லை. எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது என்று அன்றைக்குச் சொன்னேனே, அப்போதே வாருங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்பு என்றான். பாவாத்தாள் எழப் போனாள். காளியண்ணன் அவளைக் கையமர்த்திவிட்டு, தானே போய் நாலாவது வட்டிலை எடுத்துவந்து வைத்தார். சேவலைக் கொண்டுபோக வந்தவன் சோற்றைத்தான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். மந்திரமெல்லாம் அவனுக்கு அதோடு மறந்துபோயிற்று. பிறகு அவன் அந்த ஊரிலேயே வண்டி அச்சுக்கு மை போட்டுப் பிழைத்தான் என்று கேள்வி.

பானைக்கு அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டால் யார்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்? பாவாத்தாள் கிடங்கிலிருந்து அலுத்து வரும் நாளெல்லாம் அதே பானைதான், அதே ஒரு சோறுதான். ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் தட்டைப்பயறு என்று உள்ளே விழுவது மட்டும் மாறும்.

அரிசியும் பருப்பும் வெந்தன, கதையும் வெந்து இறங்கியது. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வாருங்கள். உட்காரும் முன் வட்டிலை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், பரிமாறுகிறவருக்கும் ஒன்று இருக்கிறதா என்று.