பெயர் வெட்டிய தட்டு

குளித்தலைக்கு வெளியே வாய்க்கால் கரையில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே இருந்த குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. உபதேசம் கேட்டு வருகிறவர்களை முதலில் வெங்காயம் உரிக்கச் சொல்லிவிடுவார். அதனால் ஊரில் அவருக்குச் சோற்றுச் சாமியார் என்று பெயர். உபதேசத்தைவிட ரசம் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே பலர் வந்தார்கள். அதுவும் பொய்யில்லை.

சீடர்களில் வயதில் மூத்தவர் மங்கையர்க்கரசி. அறுபத்திரண்டு வயது. கணவர் முத்துலிங்கம் இறந்தபிறகு தினமும் காலையில் வந்து சமையலறையில் நின்றுவிடுவார்.

ஒருநாள் குரு அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். புகை ஏறி, சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது.

"தினம் இந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத்தான் சமைக்கிறோம். எதையாவது மாட்டி வைக்கலாம்," என்றார்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பழைய பாத்திரக் கடையில் கிடைப்பதே போதும் என்றும் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மங்கையர்க்கரசி நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

பிடி போன கரண்டிகள் வந்தன. முறுக்கு அச்சுகள், ஓட்டைச் சல்லடை, ஜோடி இல்லாத இட்லித் தட்டு எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார். சல்லடையைச் சுற்றிப் பழைய சேலையின் கரையை வைத்துத் தைத்தார். முறுக்கு அச்சுகளை வட்டமாக அடுக்கிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். சாப்பிட வந்தவர்கள் கை கழுவுகிற சாக்கில் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சுவர் நிறைந்த பிறகும் அவர் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் குவியலைக் கிளறி, ஒவ்வொரு தட்டாகத் திருப்பிப் பார்த்து, மத்தியானம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். குரு கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் ஒரு பித்தளைத் தட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார். அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள். பூங்கோதை. அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பாத்திரம் வாங்கி, 'மு. பூங்கோதை' என்று பெயர் வெட்டிப் பரணில் சேர்த்து வைத்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் தனக்குப் பிடித்தவனை, வேறு மதத்துப் பையனை, கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் பழைய பாத்திரக்காரரைக் கூப்பிட்டு, பரணில் இருந்த அத்தனையையும் தராசில் அள்ளிப் போட்டார். போட்ட அன்றே மனசு கேட்கவில்லை. திரும்பப் போய்க் கேட்க வீம்பு விடவில்லை.

போன மாதம் மகள் போன் செய்தாள். குழந்தைக்கு முதல் முதலாகச் சோறு ஊட்டப் போகிறோம், என் பேர் வெட்டின தட்டு ஒன்று கொண்டு வா அம்மா என்றாள். இவர் நிமிர்ந்து காலிப் பரணைப் பார்த்தார். பிறகு, எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு ஒண்ணு கிடைச்சுது சாமி. ஆனா அவளோடது இல்ல."

முந்தானையை விலக்கித் தட்டைக் காட்டினார். நடுவில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. ரா. பூங்கோதை.

"எந்த ராமசாமி பெத்த பொண்ணோ, தெரியல. இந்த 'ரா'வைத் தேய்ச்சுட்டு 'மு'ன்னு வெட்டிட்டா எம் மக தட்டு ஆயிடும். பட்டறையில கேட்டேன். சின்ன வேலைதானாம். இது தப்பா சாமி?"

குரு கையை நீட்டினார். தட்டை வாங்கினார். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, இட்லித் தட்டைச் சற்று நகர்த்திவிட்டு, சுவரின் நடுவில் ஆணிகள்மேல் சாய்த்து நிற்க வைத்தார்.

மங்கையர்க்கரசிக்குக் கண் கலங்கியது. கொடுக்க மாட்டேன் என்கிறார் என்றுதான் நினைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் கிளம்பணும் சாமி. வெறுங்கையோட எப்படிப் போவேன்?"

"பூங்கோதை எங்க இருக்காங்க?"

"திண்டுக்கல்ல."

"யார் யார் இருக்காங்க வீட்டுல?"

"அவளும் குழந்தையும்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் அந்தப் பையன்."

"அவருக்குப் பேர் இருக்கும்ல."

மங்கையர்க்கரசி தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருடமாக அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. அந்தப் பையன், அவன், அவ கட்டிக்கிட்டவன் என்றே ஓட்டியிருந்தார். முத்துலிங்கம் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருமுறை மருமகன் பெயரைச் சொல்லி, வரச் சொல்லு என்றார். அப்போதும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மனிதர் மருமகனைக் கடைசிவரை பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

உலை பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ராயப்பன்," என்றார் மெதுவாக.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. நிமிர்ந்து சுவரில் இருந்த தட்டைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப் போல உதடு அசைந்தது. வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"பழைய தட்டு எங்கேன்னு கேப்பாளே சாமி."

"கேட்டா, வித்துட்டேன்னு சொல்லுங்க."

குரு தட்டைச் சுவரிலிருந்து எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் ஈரத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

"இதுல பேர் சரியாத்தான் வெட்டியிருக்கும்மா. கொண்டு போங்க."