பத்தே முக்கால் நிலநடுக்கம்

பூமி எப்போது நடுங்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. டாக்டர் பரிமளரங்கனுக்கு மட்டும் தெரியும்: தினமும் காலை பத்தே முக்காலுக்கு.

அவர் மலையடிவாரத்து நிலநடுக்க ஆய்வு நிலையத்தின் இயக்குநர். கருவி இருப்பது பூமிக்கடியில் ஓர் அறையில். சின்ன அதிர்வையும் அது எழுதிவிடும் என்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடப்பார்கள். டாக்டர் மட்டும் ஜீப்பிலேயே போவார். அறைக்கு நேர் மேலேதான் புங்கமர நிழல் இருந்தது.

வெயில் ஏற ஏற நிலத்தடி நீர் பொங்கிப் பாறையை நெம்புகிறது என்று டாக்டர் கட்டுரை எழுதி, விருதுக்கும் விண்ணப்பித்துவிட்டார். சரிபார்க்கத் தலைமையகத்திலிருந்து விஞ்ஞானி சாரதாமணி வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுக்கம் இல்லையே. பூமிக்கும் அன்று லீவா?" என்று கேட்டார்.

டாக்டர், கருவியில் தாள் மாற்றும் ஊழியர் மாசாணத்தின் மேல் பாய்ந்தார். "கருவியை நிறுத்திட்டுத் தூங்கினியா? வர்ற ஞாயித்துக்கிழமை நடுக்கத்தைக் காட்டலேன்னா உனக்கு வேலை இல்லே."

"காட்டிடலாம் ஐயா," என்றார் மாசாணம். "அன்னைக்கும் நீங்க ஜீப்பைக் கொண்டாந்து புங்கமரத்தடியில நிறுத்தினாப் போதும். ஒன்பது மணிக்கு வந்தீங்கன்னா ஒன்பது மணிக்கே நடுங்கும்."

சாரதாமணி சிரிக்கவில்லை. ஆறு மாதத் தாள்களையும் எடுத்துவரச் சொன்னார். கூடவே, டாக்டர் தினமும் காலை ஒன்பது மணி என்று கையெழுத்துப் போட்டிருந்த வருகைப் பதிவேட்டையும்.