ஆடாம தீர்ப்பு சொல்லுங்க

கோடையில வத்திப்போன குளம். நடுவுல மட்டும் கொஞ்சம் தண்ணி. அதுல அஞ்சாறு கொக்குங்க ஆணியடிச்ச மாதிரி நின்னு மீன் பிடிக்கும். நெட்டைங்கிற கொக்கு மட்டும் அப்படி நிக்காது. முன்னும் பின்னும் ஆடும். மீன் மாட்டினா சிறகைப் படபடன்னு ஒதறும்.

மத்த கொக்குங்களுக்கு ஒரே எரிச்சல். "கொக்குன்னா அசையாம நிக்கணும். இது என்ன பேய் பிடிச்ச மாதிரி? மீன் பூரா ஓடிரும்!" பஞ்சாயத்தக் கூட்டிட்டாங்க.

பஞ்சாயத்துத் தலைவர் ஓணான். கருவேல மரத்துல ஏறி உக்காந்து தீர்ப்பு சொன்னாரு. "இன்னியிலேருந்து நெட்டை ஆடக் கூடாது. ஆடினா குளத்த விட்டுப் போயிரணும்."

பத்து மைலுக்கு வேற தண்ணி கெடையாது. எங்க போறது? நெட்டை ஒடம்ப இறுக்கிக்கிட்டு நின்னுச்சு.

மூணு நாள் ஆச்சு. ஒரு மீன்கூட மாட்டல.

சேத்து வளையில குடியிருந்த நண்டு இதப் பாத்துச்சு. அதுக்கு எதையும் கேக்காம விடத் தெரியாது.

"ஏக்கா, நல்லாத்தானே பிடிச்சிட்டிருந்த? இப்ப என்னாச்சு?"

"ஆடாம இருக்கறதுலயே முழுக் கவனமும் போயிருது. மீன் கால இடிச்சிட்டுப் போகுது, தெரிய மாட்டேங்குது."

"சரி, ஆடினா என்ன ஆகும்?"

நெட்டை திரும்பிப் பாத்துச்சு. இதுவரைக்கும் யாரும் அதுகிட்ட இதக் கேட்டதே இல்ல.

"தவளைங்க சேந்து கத்துதுல்ல, அது எனக்குக் காதுல விழாது, மண்டைக்குள்ளயே விழும். தண்ணில வெயில் மின்னுறதும் அப்படித்தான். ஆடினா எல்லாம் அதது எடத்துல போய் உக்காந்துக்கும்."

"சிறக ஒதர்றது?"

"அது சந்தோசம்."

"மீன் பயந்து ஓடலையா?"

"ஓடியிருந்தா இத்தன வருசம் நான் என்னத்தத் தின்னேன்?"

நண்டுக்குக் கோவம் சுர்ருன்னு ஏறுச்சு. பக்கவாட்டுல விறுவிறுன்னு நடந்து கருவேல மரத்தடிக்குப் போச்சு. நெட்டையும் போச்சு. வேடிக்கை பாக்க மத்த கொக்குங்களும் வந்துருச்சு.

"தலைவரே, அந்தத் தீர்ப்ப இன்னொருக்கா சொல்லுங்க."

ஓணான் தலைய மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே ஆரம்பிச்சாரு. "நெட்டை ஆடக் கூடாது..."

"அப்படி இல்ல. தலைய ஆட்டாம சொல்லுங்க."

"நான் எங்க ஆட்டறேன்?"

பக்கத்துக் கிளையில வாலாட்டிக் குருவி. அது வாலை ஆட்டிக்கிட்டே சொல்லுச்சு, "ஆட்டறீங்க தலைவரே."

"நீ மட்டும் என்னவாம்?"

கொக்குங்க சிரிச்சுதுங்க. ஓணானுக்கு ரோசம் வந்துருச்சு. கழுத்த வெறப்பா வச்சுக்கிட்டாரு. "நெட்டை... நெட்டை வந்து..."

அவ்வளவுதான். மிச்ச வார்த்தை வரல. கண்ணு பிதுங்குச்சு.

"என்ன தலைவரே, மீன் மாட்டலையா?"ன்னுச்சு நண்டு.

ஓணான் மூச்ச விட்டாரு. தலை தானா ஆட ஆரம்பிச்சுது. நெட்டையப் பாத்துக் கேட்டாரு, "மூணு நாளும் இப்படியாம்மா இருந்துச்சு?"

"இதவிட மோசம். எனக்குத் தவளையும் கத்துச்சுல்ல."

தீர்ப்பு அங்கயே செத்துப்போச்சு. நெட்டை தண்ணில எறங்குச்சு. முன்னும் பின்னும் ஆடுச்சு. ஒரு கெண்டையக் கொத்துச்சு. சிறகைப் படபடன்னு ஒதறுச்சு.

"இருந்தாலும் பாக்க நல்லா இல்ல"ன்னு ஒரு கொக்கு முணுமுணுத்துச்சு.

"அப்ப உன் மீனப் பாரு"ன்னு சொல்லிட்டு நண்டு வளைக்குள்ள போயிருச்சு.

ஒருத்தர் ஏன் ஆடுறாங்கன்னு கேக்கக்கூடத் தோணாதவங்களுக்கு, அத நிறுத்தச் சொல்ற உரிமை கெடையவே கெடையாது.