வத்தல் மூட்டைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

விருதுநகர் மளிகைக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவள் சீனியம்மாள். புதிதாக வந்த மேனேஜர் ஆவுடையப்பன் வாசலை மறித்து நாற்காலி, மேஜை போட்டுக்கொண்டு அதட்டினார்.

“அடிக்கடி நகர்ற சரக்கு வாசல்கிட்ட, நகராதது கடைசி மூலையில. சாயங்காலத்துக்குள்ள மொத்தக் கிடங்கும் மாறணும். ஒண்ணு இடம் தப்புனாலும் நாளைக்கு வேலைக்கு வராத!”

அவர் சாப்பிடப் போனதும் சீனியம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள்.

சாயங்காலம் முதலாளியோடு வந்த மேனேஜர் அலறினார். “என் நாற்காலி, மேஜையெல்லாம் எங்க?”

“மூலையில, போன வருஷ மிளகாய் வத்தல் மூட்டைக்குப் பின்னால இருக்குய்யா. பருப்பு நகருது, சீனி நகருது. காலையிலருந்து அசையாம கிடக்கிறது அதுதானே! அதை எடுத்ததும் தள்ளுவண்டி நேரா உள்ள ஓடுச்சு, வேலையும் முடிஞ்சிருச்சு.”

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சரியாத்தான் அடுக்கியிருக்கா. போய் உட்காருய்யா!”

வத்தல் நெடியில் ஆவுடையப்பன் பதினேழு தும்மல் தும்மினார். மறுநாளிலிருந்து அவர் உட்காருவதே இல்லை. சீனியம்மாளோடு சேர்ந்து தள்ளுவண்டி தள்ளுகிறார்.