சிஸ்டர் ஜெசிந்தாவின் பீப்பாய்

"மதர், எனக்குப் பலம் வேணும். ஜெபம் பண்ணுங்க."

சிஸ்டர் ஜெசிந்தா நின்றபடியேதான் இதைச் சொன்னாள். நாற்காலி இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோமோ என்று அவளுக்குப் பயம்.

மணப்பாட்டுக்காரி. வயது ஐம்பத்தெட்டு. போர்ச்சுகலில் டோரோ ஆற்றுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் அந்த மடத்துக்கு வந்து பதினேழு வருஷம். மடத்தோடு ஒரு முதியோர் வார்டு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, முக்கால்வாசி அவள் கைதான். மற்ற சிஸ்டர்களுக்கே ஆள் வைத்துப் பார்க்கிற வயசு. அவர்களைச் சொல்லி என்ன செய்ய.

மடத்துத் தலைவி மதர் சலேத் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். இவளும் நம்ம கடற்கரைதான், வேம்பார். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். கேட்கிறவர்களுக்கு எரிச்சலாக வரும்.

என்ன நடந்தது என்று மதர் கேட்டாள்.

ஜெசிந்தா மென்று முழுங்கிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை வார்டில் டோனா அமேலியா என்ற கிழவி கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. தினமும் நடக்கிற கூத்துதான். கெஞ்சிக் கொஞ்சி ஊட்டுகிறவள், அன்றைக்கு ஸ்பூனை வைத்து அழுத்திவிட்டாள். கிழவிக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

"ரத்தத்தைப் பார்த்தும் எனக்கு ஒண்ணுமே தோணல மதர். பாவம்னுகூட. அதான் பயமா இருக்கு."

மதர் ஜெபம் பண்ணவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு கீழே நிலவறைக்குப் போனாள்.

அறுவடைக் காலம். காலால் மிதித்த திராட்சைச் சாறு ஒரு திறந்த பீப்பாயில் தனியாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கேன் நிறையத் திராட்சைச் சாராயம்.

சாறு தானாகவே பொங்கும், தினமும் நாக்கில் வைத்துப் பாருங்கள் என்றாள் மதர். இனிப்பு பாதியாகக் குறைகிற நேரத்தில் சாராயத்தை ஊற்றிவிட வேண்டும். பொங்குவது நின்றுவிடும். அவ்வளவுதான் வேலை.

இப்படி நடுவில் ஊற்றலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று ஜெசிந்தா கேட்டாள்.

அது சரியாகத் தெரியாதாம். இந்த ஆற்றுப் பக்கத்து மடத்துச் சாமியார் ஒருவர் என்று ஒரு பேச்சு உண்டாம். கப்பலில் தூரதேசம் போகிற ஒயின் கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றியதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டாம். மதர் அத்தோடு நிறுத்திவிட்டு மேலே போய்விட்டாள்.

கேட்டது ஜெபம். கிடைத்தது பீப்பாய். ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லாததால் அது சீக்கிரமே போய்விட்டது.

இப்படிச் செய்கிற போர்ட் ஒயின் அவளுக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வார்டில் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ், கூடவே ஒரு துண்டு சீஸ். அவள்தான் ஊற்றிக் கொடுப்பாள். மாதுளம்பழச் சிவப்பு. நாக்கில் தித்திப்பு, தொண்டையில் இதமான சூடு. அதற்கு மட்டும் டோனா அமேலியா தானாகவே வாயைத் திறப்பாள்.

காலையும் மாலையும் வார்டு, நடுவில் பீப்பாய். வேலை ஒன்றும் குறையவில்லை, இதுவும் சேர்ந்துகொண்டது.

முதல் நாள் சாறு சும்மா கிடந்தது. இரண்டாம் நாள் நுரைத்தது. மூன்றாம் நாள் உலையரிசி மாதிரி கொதித்தது. விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். இனிப்பு சரியாகப் பாதி.

கேனைத் தூக்கினாள்.

தூக்கியவளுக்கு மனசு வரவில்லை. இவ்வளவு மும்முரமாக வேலை நடக்கிறது. யாரும் சொல்லாமல் தானாகவே பாடுபடுகிறது. இதன் தலையில் சாராயத்தைக் கொட்டி அடக்குவதா? அவள் வாழ்க்கையில் எந்த வேலையையும் பாதியில் விட்டவள் இல்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மதர் என்னைச் சோதிக்கிறாள். அவசரப்பட்டு நிறுத்திவிடுகிறேனா என்று பார்க்கிறாள். பலம் கேட்டு வந்தவளுக்கு வேறு என்ன சோதனை வைப்பார்கள்?

கேனைக் கீழே வைத்துவிட்டாள்.

நாலாம் நாளும் கொதித்தது. ஐந்தாம் நாள் தளர்ந்தது. ஆறாம் நாள் மத்தியானம் தானாகவே ஓய்ந்து போய்க் கிடந்தது. ஜெசிந்தாவுக்கு ஒரே பெருமை. கால் வலியையும் மறந்து படியேறிப் போய் மதரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"கடைசி வரைக்கும் நான் கைவைக்கவே இல்ல மதர்."

மதர் பீப்பாயைப் பார்த்தாள். கேனைப் பார்த்தாள். ஒரு கிளாஸில் பீப்பாயிலிருந்து மொண்டு அவளிடம் நீட்டினாள்.

ஜெசிந்தா வாயில் வைத்தாள். பல் கூசியது. நாக்கு வறண்டு இழுத்துக்கொண்டது. வார்டில் கொடுக்கிற ஒயினுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"இனிப்பு எங்க போச்சு மதர்?"

"அதைத் தின்னுதான் இத்தனை நாள் கொதிச்சுது."

ஜெசிந்தா பதறிப்போனாள். முழுக் கேனையும் இரண்டு கையாலும் தூக்கி, பீப்பாய் விளிம்பில் வைத்து, மூடியைத் திருகினாள்.

"இப்ப ஊத்திரட்டுமா?"

"ஊத்துங்க. பலம் வரும்."

மதர் வழக்கம்போல அங்கேயே நிறுத்திவிட்டாள்.

ஜெசிந்தா கேனைச் சாய்க்காமல் பிடித்தபடியே நின்றாள். சாராயத்தின் நெடி மூக்கில் ஏறியது. மேலே வார்டிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள்.

கேனைக் கீழே இறக்கினாள். பிறகு கல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட இன்னும் கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கும் மதர்," என்றாள். "லீவு குடுங்க."