முளையும் தண்ணீரும்

கொள்ளிடக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் விதைநெல் ஒரு மூட்டைதான் மிச்சம். அதைப் புழுதியில் விதைத்த மறுநாளே மழை கொட்டித் தீர்த்தது. நாற்றங்கால் மூழ்கியது. வடிக்கலாமென்று மடையைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர்தான் உள்ளே வந்தது. இந்த விதை போனால் தை மாதம் உலை வைக்க நெல் இல்லை. மடத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டியதுதான்.

கலியமூர்த்தி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, மடத்தை நடத்தும், தன்னைவிட இளையவரான அஞ்சலாட்சி அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தவர். மழை விட்டதிலிருந்து வாளியும் கையுமாகத் தண்ணீரை வரப்புக்கு வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலை சேற்றைத் துழாவி ஒரு நெல்லை எடுத்துப் பார்த்தார். வாளியைப் போட்டுவிட்டு மடத்துக்கு ஓடினார்.

"அம்மா, போச்சு."

மேலே பேச மூச்சு வரவில்லை. கையை விரித்தார். நெல்லில் வெள்ளையாக ஒரு முளை நீண்டிருந்தது. வேர் இல்லை.

"முகர்ந்து பாருங்கள். கள்ளு வாடை. அழுகிவிட்டது. உழுது போட்டுவிடலாம்."

"பாதி வழியில் எல்லாரையும் இறக்கிவிடுகிற கண்டக்டர் நீங்கள்தானா?"

"விளையாடாதீர்கள் அம்மா. வானம் மறுபடி கறுக்கிறது."

"ஓடி வந்து நின்றாயிற்று. ஏன் இன்னும் இரைக்கிறது?"

"வேகமாக ஓடினேனே."

"கால்?"

"கெண்டைச் சதை எரிகிறது."

"கால் கேட்ட அளவுக்குக் காற்று போய்ச் சேரவில்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை. உள்ளே இருந்ததை அரைகுறையாக எரித்து உங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. தண்ணீருக்கடியில் நெல்லும் அதைத்தான் செய்கிறது. வாடை அதனால் வருவது."

"அப்படி எத்தனை நாள் தாங்கும்?"

அம்மாள் நெல்லை நகத்தால் பிளந்தார். பாதி கரைந்து பாலாகியிருந்தது. பாதி இன்னும் கெட்டி.

"ரொம்ப நாள் தாங்காது. காற்றில்லாமல் எரித்தால் நிறையத் தின்னும், கொஞ்சம்தான் தரும்."

"வேர்கூட விடவில்லையே."

"இருப்பதை வேருக்கும் பங்கு போட்டால் முளை மேலே வந்து சேராது. காற்றைத் தொட்டதும் வேர் விடும்."

"தொடாவிட்டால்?"

அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலுக்கு நடந்தார். கலியமூர்த்தி நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

முளைகளின் நுனிக்கு மேலே இன்னும் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. தூறல் விழத் தொடங்கியது.

"முளை ஏறி வந்துவிடுமா அம்மா?"

வரப்பில் கிடந்த வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார் அம்மாள்.

"அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் தண்ணீரை இறக்குங்கள்."